எல்டர் பூவில் வீட்டுப் பானம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

மே மாதக் கடைசியில் இங்கிலாந்தின் தென்பகுதியில் எங்கு நடந்தாலும் ஒரு புதர் கண்ணில் படும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளங்கையை விட அகலமான, தட்டையான வெண்மஞ்சள் பூங்கொத்துகளை விரித்துக்கொண்டு நிற்கும். ரயில் பாதையோரச் சரிவு, கால்வாய்க் கரை, வயல் வேலி, பழைய தேவாலயத்துக் கல்லறை என்று யாரும் நட்டு வளர்க்காத இடங்களில்தான் அதிகம் காணலாம். அதுதான் எல்டர், தாவரவியல் பெயர் சம்புகஸ் நைக்ரா. லண்டனிலும் பர்மிங்காமிலும் பல ஆண்டுகளாக வசிக்கும் நம்மவர்கள் பலர் இதைத் தினமும் கடந்துபோகிறார்கள். அந்தப் பூவைக் கொண்டு வீட்டிலேயே அருமையான பானம் செய்யலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆங்கிலேயக் கிராமத்து வீடுகளில் இது பழைய வழக்கம். ஜூன் மாதம் பூவைப் பறித்து, ஊறவைத்து, பாட்டிலில் அடைத்து, கோடை முழுவதும் விருந்தினருக்குக் கலந்து கொடுப்பார்கள். கடைச்சரக்காக ஊரெங்கும் பரவியது பிற்காலத்தில்தான். லெஸ்டர்ஷயரின் பீவர் கோட்டைப் பண்ணை தன் எல்டர் பூ கார்டியலை, அதாவது தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டிப் பானத்தை, 1984இல்தான் விற்கத் தொடங்கியது. 2018இல் வின்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரி, மேகன் திருமணத்தின் எலுமிச்சைக் கேக்கில் சேர்ந்ததும் இந்தப் பூவின் பாகுதான். ராணியின் சான்ட்ரிங்ஹாம் தோட்டத்து எல்டர் மரங்களிலிருந்து அது வந்தது.

வீட்டில் செய்யும் எல்டர் பூ பானங்கள் அடிப்படையில் இரண்டே வகை. ஒன்று கார்டியல். நம் ஊர் நன்னாரி சர்பத்தைப் போல, கெட்டியாகச் செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது தண்ணீர் கலந்து குடிப்பது. மற்றது, நொதிக்கவிட்டு நுரையோடு குடிப்பது. இரண்டுக்கும் தேவையான பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பூ, தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை. அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது? பூவோடு கூடவே வரும் ஈஸ்ட்டில், அதாவது நொதிக்கவைக்கும் நுண்ணுயிரில், வருகிறது. மலரின் தேனிலும் மகரந்தத்திலும் ஈஸ்ட் இயல்பாகவே ஒட்டியிருக்கும். அதை அடக்கி வைத்தால் கார்டியல். வளரவிட்டால் நுரைப் பானம். எந்தச் செய்முறையைப் படித்தாலும், ‘இந்த அடி ஈஸ்ட்டை அடக்குகிறதா, வளர்க்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை ஏன் அவ்வளவு, தண்ணீர் ஏன் கொதிக்க வேண்டும், துணி ஏன் மூட வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில், அது எல்டர்தானா?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டும். பானம் சுமாராக வந்தால் கொட்டிவிடலாம். செடியைத் தவறாக இனம் கண்டால் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் மே, ஜூன் மாதங்களில் வெள்ளைப் பூங்கொத்துடன் நிற்கும் செடிகள் ஏராளம். அவற்றில் ஹெம்லாக் கடும் விஷம். சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்டது அதுதான்.

நல்ல வேளையாக, ஒரே கேள்வியில் இந்த ஆபத்தில் பெரும்பகுதியை விலக்கிவிடலாம்: தண்டு மரக்கட்டையா? எல்டர் மரம் அல்லது பெரும்புதர். அதன் அடித்தண்டில் சாம்பல் பழுப்பு நிறத்தில், ஆழமான பள்ளங்கள் ஓடும் தக்கை போன்ற பட்டை இருக்கும். ஹெம்லாக், கௌ பார்ஸ்லி, ஹாக்வீட் எல்லாம் தரையிலிருந்து நேராக எழும் பசுந்தண்டுச் செடிகள். அவற்றில் கட்டை கிடையாது. ஹெம்லாக்கின் தண்டில் ஊதாப் புள்ளிகள் தெறித்திருக்கும். இலை பெரணி இலைபோல் பொடிப்பொடியாகப் பிரிந்திருக்கும். ஆற்றோரங்களில் ஜெயன்ட் ஹாக்வீட் என்றொரு பேருருவச் செடி உண்டு. அதன் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். அருகிலேயே போகாதீர்கள்.

கட்டை உறுதியானதும் இலையைப் பாருங்கள். எல்டரின் ஒவ்வோர் இலையும் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகளால் ஆனது. ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். இலைகள் கிளையில் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும். ரோவன் என்னும் மரமும் இதே பருவத்தில் வெளிர்நிறக் கொத்தாகப் பூக்கும். சிற்றிலைகளும் பார்க்க ஒத்திருக்கும். ஆனால் அதன் இலைகள் கிளையில் மாறி மாறி அமைந்திருக்கும். ஓர் எல்டர் இலையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கைச் சுளிக்கவைக்கும் ஒரு நெடி வரும். பூவின் மணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாகப் பூ. ஒரு கொத்தைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான சிறு மலர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ். இதழ்களுக்கிடையே நட்சத்திரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மகரந்தத் தாள்கள். அவற்றின் நுனியில் வெளிர்மஞ்சள் தூள். விரலால் மெல்லத் தட்டினால் அந்தத் தூள் விரலில் படியும். முகர்ந்தால் லிச்சிப் பழம், மஸ்கட் திராட்சை, கூடவே கொஞ்சம் எலுமிச்சை. லிச்சியின் வாசத்துக்கு முக்கியக் காரணமான ரோஸ் ஆக்சைடு என்னும் வேதிப்பொருள் இந்தப் பூவிலும் இருக்கிறது. ஆகவே அந்த ஒற்றுமை வெறும் கற்பனையன்று. குட்டை எல்டர் என்று ஓர் இனமும் உண்டு, பிரிட்டனில் அரிது. அதில் கட்டைத் தண்டு இருக்காது. மகரந்தப் பைகள் ஊதா நிறம். அதைத் தவிர்க்க வேண்டும்.

தோட்டங்களில் கரும் ஊதா இலையும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட எல்டரைக் காணலாம். அது சம்புகஸ் நைக்ராவின் தோட்ட வகைதான். பானம் அழகான ரோஜா நிறத்தில் வரும். அண்டை வீட்டில் இருந்தால் கேட்டுப் பறித்துக்கொள்ளுங்கள்.

எல்டரிலேயே எல்லாப் பாகமும் உண்ணத் தக்கதன்று. இலை, பட்டை, தண்டு, வேர், பழுக்காத காய் ஆகியவற்றில் சாம்புனிக்ரின் இருக்கிறது. உடலுக்குள் போனால் அது சயனைடை வெளிவிடும். 1983இல் கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில் ஒரு கூட்டத்தினர் உள்ளூர் எல்டர் இனத்தின் பழத்தை இலை, கிளையோடு சேர்த்து நசுக்கிச் சாறெடுத்துக் குடித்தார்கள். சில நிமிடங்களிலேயே வாந்தியும் மயக்கமும் கண்டு, எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நாம் எடுப்பது பூவை மட்டுமே. பூவைத் தாங்கும் நூல்போன்ற நுண்காம்பு கொஞ்சம் சேர்ந்தால் பரவாயில்லை. தடித்த பச்சைக் காம்பு ஒன்றுகூட வேண்டாம். அது கசப்பையும் கொண்டுவரும்.

பறிப்பது

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி காட்டுச் செடியின் பூ, பழம், இலை ஆகியவற்றைச் சொந்தப் பயனுக்குப் பறிப்பது திருட்டாகாது. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. விற்பனைக்காகப் பறித்தால் கதை வேறு. செடியை வேரோடு பிடுங்குவதும், நில உரிமையாளரின் அனுமதி இல்லையென்றால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லண்டனின் அரச பூங்காக்களில் எதையும் பறிக்க அனுமதி இல்லை. மற்றப் பூங்காக்களில் வாசல் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள்.

தெற்கில் மே கடைசியில் தொடங்கும் பூப்பு ஜூன் நடுவரை நீடிக்கும். ஸ்காட்லாந்தில் இன்னும் தாமதம். மழை பெய்து ஓய்ந்த அன்று போகாதீர்கள். இந்தப் பானத்தின் சுவை பெரும்பாலும் மகரந்தத்தில் இருக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு நாளாவது காய்ந்த பிறகு, வெயில் ஏறி, பனி உலர்ந்ததும் பறிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தும் பூவைக் கழுவக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கழுவாமல் சமையலறைக்குள் எதையும் விடாமல் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். அந்த உறுத்தலுக்கு மருந்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது: போக்குவரத்துச் சாலையோரம் வேண்டாம், பூச்சிமருந்து அடித்த வயலோரம் வேண்டாம், நாய்கள் எட்டும் உயரத்துக்குக் கீழே வேண்டாம்.

ஒவ்வொரு கொத்தையும் பறிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். மொட்டுகள் பாதிக்கு மேல் விரிந்து, வெண்மஞ்சளாக இருப்பது சரியான பதம். பழுப்பேறத் தொடங்கிய கொத்தில் பூனை மூத்திர நெடி வரும். அப்படி ஒரே ஒரு கொத்து சேர்ந்தாலும் முழுப் பாத்திரமும் நாறிவிடும். ஒரு புதரையே மொட்டையடிக்காமல் பல புதர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நாம் எடுக்கும் ஒவ்வொரு பூங்கொத்தும் செப்டம்பரில் ஒரு பழக்கொத்தாக வேண்டியது. அந்தப் பழத்தை நம்பிப் பாட்டுப் பறவைகள் பல இருக்கின்றன. எட்டாத உயரத்துப் பூக்களை அவற்றுக்கே விட்டுவிடலாம்.

துணிப்பையிலோ கூடையிலோ எடுத்துவாருங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து வாடிவிடும். வந்ததும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி அரைமணி நேரம் வெளியே வைத்தால் சின்னஞ்சிறு கருவண்டுகள் தாமே நடந்து போய்விடும். பிறகு கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, முள்கரண்டியின் பற்களைக் காம்புகளுக்கிடையே விட்டு மெல்ல வாரினால் பூக்கள் உதிர்ந்து பாத்திரத்தில் விழும். பறித்த சில மணி நேரத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் மணம் பாதியாகிவிடும்.

கார்டியல்: ஈஸ்ட்டை அடக்குவது

அளவு: நன்றாக விரிந்த 25 பூங்கொத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர், 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை, மெழுகு பூசாத 3 எலுமிச்சை, 50 கிராம் சிட்ரிக் அமிலம். பழுப்புச் சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம். அவற்றின் மணம் பூவை மறைத்துவிடும். சிட்ரிக் அமிலம் பிரிட்டனின் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. போதைப்பொருள் கலப்பவர்களும் அதைப் பயன்படுத்துவதால் சிலர் விற்கத் தயங்குவார்கள். நம் மளிகைக் கடைகளிலும் இணையத்திலும் சிக்கலில்லாமல் வாங்கலாம்.

உதிர்த்த பூவையும் எலுமிச்சையின் மஞ்சள் தோல் சீவலையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு அதன்மேல் ஊற்றுங்கள். பூவை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. இதன் மணப்பொருள்கள் ஆவியோடு பறந்துபோகும் இயல்புள்ளவை. மூடி வைத்து ஓரிரவு ஊறட்டும். மறுநாள் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டினால் வெளிறிய மஞ்சள் நீர் கிடைக்கும். இந்த நிலையில் அதைச் சுவைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். சர்க்கரையும் புளிப்பும் சேராதவரை அது ஊறிய வைக்கோல் தண்ணீராகத்தான் தோன்றும்.

வடித்த நீரில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் சேர்த்து மிதமான சூட்டில் கரையுங்கள். கொதி வரும் நிலையில் இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள். ஓவனில் சூடாக்கிவைத்த கண்ணாடிப் பாட்டில்களில் சூடாகவே ஊற்றி மூடிவிடுங்கள்.

ஈஸ்ட் இங்கே மூன்று இடங்களில் மாட்டிக்கொள்கிறது. சூட்டில் பெரும்பாலான ஈஸ்ட் இறந்துவிடுகிறது. அமிலம், தப்பியதையும் பாட்டிலைத் திறக்கும்போது புதிதாக வரும் பாக்டீரியாவையும் தடுக்கிறது. சர்க்கரை, நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி அதைச் செயலற்றதாக்குகிறது. ஆனால் சர்க்கரை மட்டுமே காவலாக இருக்க வேண்டுமானால் பாகில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை வேண்டும். நான் சொன்ன அளவில் 40 பங்குகூட முழுதாக இல்லை. குடிக்க அதுவே போதும். அதனால்தான் சிட்ரிக் அமிலத்தை விருப்பப் பொருளாகக் கருத வேண்டாம் என்கிறேன். அதைச் சேர்த்தும், குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வரை வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே இடம்விட்டு உறையவையுங்கள். ஐஸ் தட்டில் உறையவைத்தால் தேவைக்கு இரண்டு கட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பங்கு கார்டியலுக்கு எட்டுப் பங்கு குளிர்ந்த தண்ணீர் அல்லது சோடா. இதே பருவத்தில் வரும் கூஸ்பெர்ரியை வேகவைக்கும்போது இரண்டு கரண்டி ஊற்றிப் பாருங்கள். ஆங்கிலேயச் சமையலில் இந்த ஜோடி நெடுநாளாகப் பிரியாதது. அந்தக் காயின் கூர்மையான புளிப்புக்கு இந்தப் பூமணம் அவ்வளவு பொருத்தம்.

நுரைப் பானம்: ஈஸ்ட்டை வளரவிடுவது

இங்கிலாந்துக்காரர்கள் இதை எல்டர் பூ ஷாம்பெயின் என்பார்கள். கடையில் அந்தப் பெயரில் விற்க முடியாது. சர்ரேயில் தயாரான மதுவற்ற ஒரு பானம் அந்தப் பெயரோடு வந்தபோது ஷாம்பெயின் நிறுவனமான டெட்டிங்கர் வழக்குப் போட்டு, 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது.

நாலு லிட்டர் தண்ணீரில் 700 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். கரைப்பதற்குக் கொஞ்சம் வெந்நீர் போதும். மிச்சத்தைப் பச்சைத் தண்ணீராக ஊற்றி முழுதும் ஆறவிடுங்கள். இங்கே சூடுதான் எதிரி. 8 பூங்கொத்தின் பூ, இரண்டு எலுமிச்சையின் சாறும் தோலும், இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை ஒயின் வினிகர் சேர்த்துக் கலக்கி, ஈ புகாதபடி துணியால் மூடுங்கள். சிட்ரிக் அமிலம் வேண்டாம். தினமும் ஒருமுறை, கொதிநீர் ஊற்றிய கரண்டியால் கலக்குங்கள். இரண்டு மூன்று நாளில் பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் வரும்; காதை அருகே வைத்தால் மெல்லிய சலசலப்பு கேட்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான்காம் நாளும் அசைவில்லையென்றால் கடையில் வாங்கிய ஒயின் ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை தூவுங்கள். பூவின் ஈஸ்ட் எல்லா ஆண்டும் ஒரே வீரியத்தோடு இருக்காது. ஐந்தாறு நாள் ஆனதும் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றலாம்.

பாட்டிலில் அடைப்பதில்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஷாம்பெயின் தயாரிப்பில் பாட்டிலுக்குள் நுரை எழுப்ப லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரைதான் சேர்க்கிறார்கள். அந்தச் சிறு அளவே வளிமண்டலத்தைப் போல் ஆறு மடங்கு அழுத்தத்தை உண்டாக்கிவிடுகிறது. அதற்காகவே ஷாம்பெயின் பாட்டில் அவ்வளவு தடிமனாக இருக்கிறது. நம் பானத்தில் தொடக்கத்தில் லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல். அதில் பாதியை ஈஸ்ட் தின்று தீர்த்திருந்தாலும் மிச்சம் 70 கிராமுக்கு மேல் இருக்கும். சாதாரணக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி அலமாரியில் வைத்தால் அது வெடிக்கும். கண்ணாடித் துண்டுகள் பறக்கும். புதியவர்கள் கண்ணாடியை நினைக்கவே வேண்டாம். சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில்களைச் சுத்தம் செய்து, மேலே நாலு விரல் இடம்விட்டு ஊற்றுங்கள். தினமும் பாட்டிலை அழுத்திப் பாருங்கள். விரல் அமுங்கினால் சரி. கல்லாக இறுகியிருந்தால் மூடியை மெல்லத் திருகி, ‘ஸ்ஸ்’ என்று வாயு போகவிட்டு மறுபடியும் மூடுங்கள். ஒரு வாரத்தில் குடிக்கும் பதம் வந்துவிடும். வந்ததும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். குளிரில் ஈஸ்ட் மந்தமாகும், முழுதாக நிற்காது. அங்கே வைத்த பிறகும் அவ்வப்போது வாயுவை வெளியே விட வேண்டும்.

வீட்டில் செய்தது என்பதால் இதில் மது இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சீக்கிரம் குடித்தால் ஆல்கஹால் குறைவு. வைக்க வைக்க இனிப்பு குறைந்து மது ஏறும். சர்க்கரை முழுவதும் நொதித்துவிட்டால் ஒயினை நெருங்கிவிடும். குழந்தைகளுக்கும் மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் கார்டியலில் சோடா ஊற்றிக் கொடுங்கள்.

ருமேனியாவில் சொகாட்டா என்ற பெயரில் இதைச் செய்வார்கள்: பூ, எலுமிச்சை, சர்க்கரை அல்லது தேன் போட்ட ஜாடியைச் சில நாள் வெயிலில் வைத்து, லேசாக நுரைத்ததுமே குடித்துவிடுவது. மது ஏறும்வரை காத்திருப்பதில்லை. முதல்முறை நொதிக்கவைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். பாட்டிலில் நெடுநாள் அடைத்து வைக்கும் வேலையே இதில் கிடையாது.

வோட்காவிலோ ஜின்னிலோ பூவை ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுவது இன்னும் எளிது. அங்கே ஆல்கஹாலே ஈஸ்ட்டுக்கு எமன். பூ முழுவதும் அமிழ்ந்திருக்க வேண்டும், மேலே மிதந்தால் காற்றுப்பட்டுக் கறுக்கும்.

செய்தது சரியாக வரவில்லையென்றால் மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். பூ ஊறும் பாத்திரத்தின் மேல் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்; மேலாக வழித்தெடுத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். கார்டியல் பாட்டிலைத் திறக்கும்போது ‘டப்’ என்று காற்று வந்தால் உள்ளே ஈஸ்ட் தப்பிப் பிழைத்திருக்கிறது என்று பொருள். அதையும் கொட்டிவிட்டு, அடுத்த முறை பாட்டிலை இன்னும் நன்றாகச் சூடாக்குங்கள். நுரைப் பானத்தில் நெடி ஏதுமின்றி வெறும் காடிப் புளிப்பு ஏறியிருந்தால், காற்றுப்பட்டு வினிகராகத் திரும்பியிருக்கிறது. அதை வாய் திறந்த ஜாடியில் துணி கட்டி இன்னும் சில வாரம் விட்டால் முழு வினிகராகிவிடும். வெள்ளரிக்காய் சாலட்டுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.